குறைகுடம்

மௌலே ஆற்றுக்குத் தெற்கே ரான்கேமோ என்றொரு சிற்றூர்.
அங்கே நீர்த்தொட்டியைத் தொட்டி என்று யாரும் சொல்வதில்லை.
கோப்பை என்கிறார்கள்.
"கோப்பைப் பக்கம் நிறுத்துங்க" என்று பேருந்தில் குரல் எழும்.
எட்டுக் கால்களில் ஏறி நிற்கும் அறுநூறு டன் தண்ணீருக்கு
விருந்து மேசையிலிருந்து ஒரு பெயர்.

வரைந்தவள் ஓடில்யா சால்டீவியா.
முதலில் எழுதியது உயரம்:
பத்து மீட்டர் ஏற்றினால் ஒரு கிலோ அழுத்தம்.
பள்ளியின் மேல்தளக் குழாய் தரையிலிருந்து நாலு மீட்டர்,
அங்கே நீர் சீறி விழப் பதினைந்து,
வழியெல்லாம் குழாய்ச்சுவர் உரசித் தின்பது ஐந்து.
ஆக இருபத்துநான்கு.
மற்றதெல்லாம் அந்த எண்ணுக்குச் செய்த பணிவிடை.

அடியில் கூம்பு உள்நோக்கி நெருக்கும்,
குவிந்த தளம் வெளிநோக்கித் தள்ளும்,
இரண்டும் சந்திக்கும் வளையத்தில்
சண்டை மிச்சமில்லாமல் தீரவேண்டும்.
அந்தக் கோணத்துக்கு ஒன்பது நாள் ஆனது அவளுக்கு.

பிறகு நிலம்.
அந்த நாட்டில் நிலம் ஒரு சொத்து இல்லை, ஒரு சந்தேகம்.
நிலம் உலுக்கினால் தொட்டிநீர் இரண்டாகப் பிரியும்:
கீழ்நீர் சுவரைக் கட்டிக்கொண்டு சுவரோடு போகும்,
மேல்நீர் தனக்கென ஒரு தாளத்தில்
மெதுவாக, பிடிவாதமாக ஆடும்.
காகிதத்தில் அதை ஒரு வில்லில் கட்டிய எடையாக வரைவார்கள்.
நிரம்பிய தொட்டிக்குத்தான் கணக்குப் போட்டாள்.
கீழ்நீர் மிகுதி, கால்களுக்கு அதுவே கொடுமை.

கட்டி முடித்து இரண்டாம் ஆண்டு
பக்கத்தில் வேறெதற்கோ தோண்டினார்கள்.
மண் அறிக்கை சொன்ன கெட்டிக் களிமண்
ஆறாம் காலுக்கடியில் பாதிக்கு மேல் வண்டல்.
நகராட்சிக்கு எழுதினாள்.
"பெற்றுக்கொண்டோம்" என்ற முத்திரையோடு நகல் வந்தது.
வேறெதுவும் வரவில்லை.

கோடையின் கடைசிச் சனிக்கிழமை.
இரவு பதினொன்றுக்கு மின்கட்டணம் குறையும்போது
பம்பை முடுக்க வேண்டியவர் எலியோடோரோ மார்டோனெஸ்.
அன்று அண்ணன் மகள் கல்யாணம்.
சீருடைச் சட்டையில் திராட்சை மதுக் கறையோடு
பம்பறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்,
உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.
ஊர் குளித்து, பாத்திரம் கழுவி, தோட்டத்துக்கு விட்டு
கோப்பையைப் பாதிக்குக் கீழே இறக்கியிருந்தது.

மூன்றரை மணிக்கு நிலம் வந்தது.

நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்:
என் மொழி இதை ஒரு ஏளனமாகவே வைத்திருக்கிறது.
அன்று குறைகுடம் கூத்தாடியது.
கால்கள் கிழக்கே சாய, தண்ணீர் மேற்கே ஏறியது.
கால்கள் மேற்கே திரும்ப, அது கிழக்கே பிந்தி வந்தது.
எதிர்த்தாளம் போட்டுப் போட்டே
கட்டடத்தின் ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.
தேவாலய மணிக்கூண்டு தெருவில் கிடந்தது விடிந்தபோது.
கோப்பை நின்றது.

ஏணி வழியே உள்ளே இறங்கி
சுவரில் ஈரம் எட்டிய உயரத்தை நாடாவால் அளந்தாள் ஓடில்யா.
திரும்பிப் போய் நிரம்பிய தொட்டியை மறுபடி கணக்கிட்டாள்,
இம்முறை வண்டலைச் சேர்த்து.
ஆறாம் கால் தாங்கவில்லை.
மூன்று முறை போட்டும் தாங்கவில்லை.
தொட்டி விழுந்த பக்கம்
ஓல்மோ தெருவின் பதினொரு வீடுகள்.

நகராட்சி அவளுக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.
எலியோடோரோவுக்கு மூன்று நாள் சம்பளம் பிடித்தது.
இரண்டு காகிதத்திலும் ஒரே கையெழுத்து.
கணக்குத் தாளை இணைத்து அவள் பதில் எழுதினாள்.
முத்திரை வந்தது.

ஆறாம் காலுக்கு உறை போடப் பணம் வரும்வரை
நீர்மட்டக் காட்டியில் ஒரு சிவப்புக் கோடு,
அன்றிரவு தண்ணீர் நின்ற இடத்தில்.
ஊரில் அதற்கு மதியத்தூக்கம் என்று பெயர்.
அதைத் தாண்டாமல் பம்பை நிறுத்த
ஆள் விழித்திருக்க வேண்டும்.
எலியோடோரோ நாற்காலியை வெளியே போட்டிருக்கிறார்,
குளிரில், அண்ணாந்தபடி.